பாலேட்டுக்கு அடியில்

திருவா, தெய்வத்திருவா என்று கேட்பது என் தொழில். சோமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே, "ஐயா இருக்காங்களா?" என்று கேட்பேன். இருந்தால் பெயருக்கு முன்னால் திரு. இல்லாவிட்டால் தெய்வத்திரு. சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எனக்கு முன்னால் இந்தக் கடையை நடத்தியவர், உயிரோடு இருந்த ஒரு மாமனாரைத் தெய்வத்திரு ஆக்கிவிட்டு, அந்த மாமனாரே கைத்தடியோடு வந்து நின்று சத்தம்போட்டதில்தான் கடையை எனக்கு விற்றுவிட்டுப் போனார். ஆகவே கேட்காமல் நான் அடிப்பதில்லை.

சென்னியம்மாள் அக்கா மட்டும்தான் அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் லோகப்பிரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணின் அப்பா பெயர் மோகன்குமார் என்று அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா?

"திருன்னே போடு, நஸ்ரியா கண்ணு," என்றார் கடைசியில்.

கூட வந்திருந்த அவர் கொழுந்தனார் கிருபாசங்கர், "சித்த இருங்க அம்மணி. இன்னும் முடிவாகலீங்க. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றோமுங்க," என்றார்.

திரு என்று அடித்து அப்படியே விட்டேன். அதற்கு முன்னால் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க் களத்துக்காரர் வீட்டில் பிறந்து சோமனூர்த் தறிக்காரர் வீட்டுக்கு வாழ வந்தவர். கணவர் வெளிநாடு வெளிநாடாகப் போய் நூல் மில்களில் மெஷின் பொருத்திக் கொடுக்கிற ஃபிட்டர். அதனால் வீட்டை ஒட்டிய விசைத்தறி ஷெட்டை ஆண்டது எப்போதும் அக்காதான். கோபம் வந்தால் ஆட்களைத் திட்டமாட்டார், தறியைத்தான் திட்டுவார். அதுவும் எப்படி? "ஏனுங், உங்களுக்கு இப்ப என்னங்க கேடு வந்துச்சு?" என்று தறிக்கும் ஒரு மரியாதை. நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம், காலில் மெட்டி, கையில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு. சாராய வாசம் வீசும் ஆள் ஷெட்டுக்குள் கால் வைக்க முடியாது. அப்படிப்பட்டவர் வீட்டில்தான் விஸ்கி ஊற்றிக் காபி போட்டார்கள்.

மோகன்குமார் அண்ணன் துருக்கியில் ஒரு மில்லுக்குப் போயிருந்தபோது, கூட வேலை பார்த்த அயர்லாந்துக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்த காபி அது. ஐரிஷ் காபி என்பது அதன் பெயர். அக்கா வைத்த பெயர் ஏட்டுக் காபி. பாலின் மேல் ஏடு கட்டுவதுபோல் அதன் மேலும் ஒரு வெள்ளை நிற்கும், அதனால்.

மழை வந்தால் போதும், அண்ணன் அடுப்படிக்குள் போய்விடுவார். பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டுவார். நாட்டுச்சர்க்கரை இரண்டு ஸ்பூன். அதன்மேல் கொதிக்கக் கொதிக்க டிகாஷன், வெந்நீர் கொஞ்சம், பாட்டில் மூடியால் அளந்து விஸ்கி. சர்க்கரை கரையும்வரை கலக்குவார். பிறகு ஊறுகாய் பாட்டிலுக்குள் கிரீமை விட்டு, தோசை மாவு பதத்துக்கு வரும்வரை குலுக்குவார். ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின்மேல் கிரீமை மெல்ல வழியவிடுவார். கறுப்புக் காபியின்மேல் வெள்ளை வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு யாராவது ஸ்பூனைத் தொட்டால் தொலைந்தார்கள்.

குடிக்கிறதும் தனி. எங்கள் பக்கம் டம்ளரைத் தூக்கி அண்ணாந்துதான் குடிப்போம். வாய் வைத்தால் எச்சில். ஒருதடவை விஸ்கி இல்லாமல் எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். பழக்கத்தில் தூக்கி ஊற்றினேன், ஏடு மொத்தமும் மூக்கின்மேல் விழுந்தது. லோகப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன், "வாய் வெச்சு அடியில இருந்து உறிஞ்சோணும் அம்மணி. மேல இருக்கற ஏடு கலையாமக் கீழ எறங்கோணும்," என்று குடித்துக் காட்டினார். காபி குறையக் குறைய அந்த வெள்ளை அப்படியே இறங்கிக்கொண்டு போயிற்று. கடைசியில் அடியில் முழுசாகத் தங்கியது. என்னால் முடியவில்லை, அவர் தம்பியாலும் முடியவில்லை. எங்கள் ஊரில் அது அவர் ஒருவருக்குத்தான் கைவந்தது, இல்லை, வாய்வந்தது.

அடியில் தங்கிய ஏட்டை அவர் தின்னமாட்டார். டம்ளரை அக்காவிடம் நீட்டுவார். அக்கா யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலால் ஒரே வழியாக வழித்து வாயில் போட்டுக்கொள்வார். சாராய வாசத்துக்கு ஷெட்டையே கழுவிவிடுகிற மனுஷி! நான் மதில்மேல் பார்த்துவிட்டு, "என்னக்கா, மூடி அளவுதான் ஏறுமா?" என்று கேட்டால் முகம் சிவந்து, "போ கண்ணு அக்கட்டால," என்பார்.

அந்தக் காபியில் அவர்களுக்குள் ஒரே சண்டை சர்க்கரைதான். அண்ணனுக்குச் சுகர். டாக்டர் வேண்டாம் என்றதை அக்கா ஒரு ஸ்பூனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அண்ணன் இரண்டு போடுவார். "சக்கரை கொறஞ்சா ஏடு முங்கிருமுடி சென்னி," என்பார். அக்கா அதைத் திருட்டுச் சாக்கு என்றே நம்பினார்.

ஒரு ஐப்பசி மதியம் நல்ல மழை. அண்ணன் டிகாஷன் இறக்கிவிட்டுப் பார்த்தால் கிரீம் இல்லை. அந்தக் கெட்டிக் கிரீம் அவிநாசியில் ஒரு பேக்கரியில்தான் கிடைக்கும். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். "கிரீம் வாங்கிட்டு வாரேன்," என்றார். எங்கள் ஊரில் வெளியே கிளம்புகிற யாரும் போறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்வார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த என் காதிலும் அது விழுந்தது.

அவர் வரவில்லை. மறுநாள் காலையில் ஸ்கூட்டர் அவிநாசியில் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில், ஸ்டாண்டு போட்டு, பூட்டி, ஒழுங்காக நின்றது. ஹேண்டில் கொக்கியில் பையும், பைக்குள் கிரீம் பாக்கெட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஆள் மட்டும் இல்லை. போலீஸ் தேடியது, கிணறு குளமெல்லாம் பார்த்தார்கள். பழனியில் பார்த்தேன், திருவண்ணாமலையில் பார்த்தேன் என்று யார் சொன்னாலும் அக்கா அந்த ஊருக்கு பஸ் ஏறினார். வருஷங்கள் போயின. குங்குமம் மட்டும் அதே அகலத்தில் இருந்தது.

பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. மழை வந்தால் அக்கா ஏட்டுக் காபி போட ஆரம்பித்தார். விஸ்கியைத் தொடமாட்டார். மற்றதெல்லாம் அண்ணன் செய்கிற மாதிரியே: வெந்நீர், டிகாஷன், பாட்டிலைக் குலுக்குவது, ஸ்பூன் முதுகு. சர்க்கரை மட்டும் ஒரு ஸ்பூன். போட்டு, அண்ணனுடைய நாற்காலிக்கு எதிரே ஸ்டூலில் வைத்துவிட்டு நிற்பார். ஏடு ஒரு நிமிஷம்கூட நிற்காது. மெல்ல அமிழ்ந்து, கலங்கி, செம்மண் தண்ணீர் நிறத்தில் ஆகிவிடும். "முங்கிருச்சு கண்ணு. அப்ப இன்னைக்கு வரமாட்டாரு," என்பார், பஸ் வராது என்று சொல்கிற குரலில். ஆறியதும் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவார். அந்தச் செடி ஆள் உயரம் தாண்டி, இலை கறுத்து, மழை நாளில் காபி வாசம் வீசியது. எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. அந்தச் செடியிலிருந்து கறிவேப்பிலை வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். எங்கள் மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் மழை பிடித்தால் மதில் பக்கம் போகமாட்டேன், பயமாகத்தான் இருந்தது.

மகளுக்குக் கல்யாணம் கூடியதும் பேச்சு மறுபடி அண்ணன் பக்கம் திரும்பியது. அவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போட வேண்டும். பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். போனவர்கள் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்து, கைதட்டிவிட்டுத் திறப்பார்கள். கிருபாசங்கர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அண்ணன் மனைவியை அவர்கள் நங்கையா என்பார்கள்.

"நங்கையா, கோவிச்சுக்காதீங்க. அப்பாவுக்குப் போடறப்ப அண்ணனுக்கும் ஒரு எல போட்டுரலாமுங்க. சம்பந்தி ஊட்டுல கேக்கறாங்க. பத்திரிக்கையிலயும் ஒண்ணு போட்டாகோணுமல்லங்க?"

உயிரோடு இருக்கிறவருக்குப் படையல் வைத்தால் ஆயுசு குறையும் என்று இத்தனை வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவிடாதவர் அக்கா. தெய்வத்திரு என்று அச்சில் ஏறினால், மணவறையில் மகளுக்குப் பக்கத்தில் அக்கா நிற்க முடியாது. சீர் செய்ய வேறு சுமங்கலியைக் கூப்பிடுவார்கள். அதைவிட, அவரே தன் கையால் புருஷனைக் கொன்ற மாதிரி ஆகிவிடும். அன்று முழுக்க ஷெட்டில் தறிகளைக்கூடத் திட்டாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் என்னையும் வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"போடலாமுங்க. ஆனா சோறு வடையெல்லாம் மாமனாரு எலையில வெய்யுங்க. என்ற புருசன் எலையில ஏட்டுக் காபி ஒண்ணுதான். வடைன்னா ஆரு வேணும்னாலும் வந்து திம்பாங்க. அந்தக் காபிய ஏடு கலையாமக் குடிக்க அவரு ஒருத்தராலதான் ஆகும். அவரு போயிருந்தா வந்து குடிக்கட்டும். வெச்சது வெச்சபடி இருந்துச்சுன்னா உசுரோட இருக்கறாருன்னு அர்த்தம். பொறகு ஆரும் இந்தப் பேச்சப் பேசக் கூடாது. நஸ்ரியா, நீயும் வந்து நில்லு கண்ணு. என்ன போடறதுன்னு உனக்குத்தான தெரியோணும்."

ஆடி அமாவாசை. காலையிலிருந்தே காற்றும் சாரலும். உச்சி நேரத்துக்கு நான் போனபோது உள்ளறையில் அங்கப்பனுக்கு, அதாவது அக்காவின் மாமனாருக்கு, இலை நிறையப் பரிமாறியிருந்தது. பக்கத்தில் இன்னொரு இலை வெறுமையாகக் கிடந்தது.

அக்கா பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து அண்ணன் கடைசியாகக் கொண்டுவந்த விஸ்கி பாட்டிலை எடுத்தார். பாதிக்கும் கீழே இருந்தது. மூடி இறுகிப்போயிருந்ததை கிருபாசங்கர்தான் திருகிக் கொடுத்தார். டம்ளர் சூடாயிற்று. அக்கா நாட்டுச்சர்க்கரை ஒரு ஸ்பூன் போட்டுவிட்டு டப்பாவை மூடப் போனார்.

"ரெண்டு போடுங்க நங்கையா," என்றார் கிருபாசங்கர்.

"சுகர் இருக்குதல்லங்க அவருக்கு?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கீழே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "இனி அண்ணனுக்கு என்ன சுகருங்க?"

லோகப்பிரியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டாவது ஸ்பூனைப் போட்டார். கொஞ்சம் தரையில் சிந்தியது. டிகாஷனும் மூடி விஸ்கியும் ஊற்றிக் கலக்கிவிட்டு, ஸ்பூனைக் கவிழ்த்துக் கிரீமை வழியவிட்டார்.

ஏடு நின்றது.

நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அமிழவில்லை. கறுப்பின்மேல் வெள்ளை, மடிப்பில்லாமல், விளிம்பு முழுக்கத் தொட்டுக்கொண்டு நின்றது. அண்ணன் போடுகிற மாதிரியே இருந்தது. சர்க்கரை கரைந்தால் காபி கனக்கும், கிரீம் மிதக்கும், அவ்வளவுதான் என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. முங்கினால் வரமாட்டார் என்று இத்தனை வருஷமாக அக்கா சொல்லிவந்தாரே, இன்றைக்கு முங்கவில்லையே? அக்காவுக்கும் அதே நினைப்புதான். ஏடு நிற்காதா என்று ஏங்கிய கண்ணிலேயே இப்போது பயம் தெரிந்தது. "வராதீங்க," என்று டம்ளரைப் பார்த்து முணுமுணுத்தார். "என்ற சாமி, நீங்க வந்துராதீங்க."

டம்ளரை வெறும் இலையின் நடுவில் வைத்தார்கள். விளக்கு எரிந்தது. சாரலுக்காக ஜன்னலை முன்பே தாழ் போட்டிருந்தார்கள். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. கதவைச் சாத்திவிட்டு நால்வரும் முன்னறையில் நின்றோம்.

அப்போது கரண்ட் போனது. சோமனூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழுவதே இல்லை, அது நின்றால்தான் விழும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நின்றுபோனது. காதுக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. கூரைத் தகரத்தில் சாரல் விழுவதும் எங்கள் நாலு பேர் மூச்சும்தான் கேட்டன. கதவுக்குப் பின்னால் ஏதாவது கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றுமே கேட்கவில்லை. காபி வாசம் மட்டும் கதவிடுக்கு வழியாக வந்தது. முதலில் கனமாக வந்தது, பிறகு குறைந்தது.

கிருபாசங்கர் கைதட்டினார். அக்காதான் கதவைத் திறந்தார்.

இருட்டான அறையில் விளக்கு மட்டும் எரிந்தது. மாமனார் இலையில் சோறும் வடையும் அப்படியே இருந்தன. அக்கா டம்ளருக்கு நேர் மேலே குனிந்தார். நானும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வெள்ளை வட்டம் தெரிந்தது. ஓரம் கலையவில்லை, நடு உடையவில்லை.

"தொடலை!" என்று கத்தினார் அக்கா. "ஏடு கலையவே இல்லீங்க! வரலை, அவரு வரலை! லோகு, உங்கப்பன் உசுரோட இருக்கறாருடி!" மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தார், அழுதார். கிருபாசங்கர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று, அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். "நஸ்ரியா, திருன்னு போடு கண்ணு! நல்லாப் பெரிசாப் போடு!"

"போட்டுர்றேன் அக்கா."

"இதக் கறிவேப்பலைக்கு ஊத்திப்போட்டு வாரேன்," என்று குனிந்து, நிறைந்த டம்ளரைத் தூக்குகிற மாதிரி, சிந்தாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார்.

டம்ளரில் கனமே இல்லை, கை விருட்டென்று மார்புக்கு மேலே போய்விட்டது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. சிந்துவதற்கு ஒன்றும் இல்லை.

கரண்ட் வந்தது. தெருக்கோடியில் ஒரு தறி, பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு ஊரே ஓட ஆரம்பித்தது. ட்யூப்லைட் வெளிச்சம் டம்ளருக்குள் விழுந்தது. ஏடு அடியில் இருந்தது. முழுசாக, வட்டமாக, துளியும் கலையாமல் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் ஈரம் இருந்தது.

நான் சும்மா விடுகிறவள் இல்லை. இலையைத் தூக்கிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. தரையைத் தடவினேன், அதுவும் காய்ந்திருந்தது. ஜன்னல் தாழைத் தொட்டுப் பார்த்தேன். பிற்பாடு அந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு பகல் முழுக்க வைத்தும் பார்த்தேன், ஒழுகவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அக்கா அழவில்லை. டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தலையைத் தூக்கி, யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் எதிரேதான் நின்றோம், எங்களைக் கண்டதாகவே தெரியவில்லை. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரே வழியாக வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என்ற பங்கை வெச்சுப்போட்டுத்தான் போயிருக்கறாரு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாரேன்னுதான் சொன்னாரு, கண்ணு. வந்துபோட்டாரு."

சாயந்திரம் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திருவுக்கு முன்னால் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. அந்த ஒரு தடவை மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை.